மேலிருந்து கீழே

விண்வெளி விளையாட்டு ஆடுகிறவர்கள் சேர்ந்தால் பேச்சு எப்போதும் போய்ச் சேர்ந்த இடத்தைப் பற்றியே இருக்கும். மன் என்கிற நிலவில் இறக்கிய வண்டி, டூனா என்கிற சிவப்புக் கோளைச் சுற்றவிட்ட நிலையம், திரும்பிவராமல் போன ஆய்வுக்கலம். அதையெல்லாம் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு போன ராக்கெட்டைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. சில நிமிடங்களில் அதன் வேலை முடிந்துவிடுகிறது. கீழ் அடுக்கு கடலில் விழுகிறது, மேல் அடுக்கு தனியாகக் கழன்று போகிறது. எனக்கு அந்தச் சில நிமிடங்கள்தான் எல்லாமே. கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற விளையாட்டை நான் ஆடுவது ஏவுகலங்கள் செய்வதற்காக. எந்த இரவில் எடுத்து ஏவினாலும் நேற்றுப் போன மாதிரியே இன்றும் போகிற, பார்க்க ஒன்றும் விசேஷமில்லாத கலங்கள்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு ஒரு சொல். மெக்சிகோவின் ஸ்க்வாட் நிறுவனம் 2011-இல் முதல் வடிவத்தை வெளியிட்டது. முழுமையான பதிப்பு 2015 ஏப்ரலில் வந்தது. எரிபொருள் தொட்டி, எஞ்சின், டீகப்ளர், இறக்கை, பாராசூட் என்று ஒவ்வொரு பாகமாக எடுத்து அடுக்கி ராக்கெட் கட்டி, நாமே ஓட்டவேண்டும். கெர்பின் என்ற அதன் பூமி சின்னது. ஆரம் 600 கிலோமீட்டர், காற்று மண்டலம் 70 கிலோமீட்டரில் முடிந்துவிடும். காற்றின் இழுவையும் ஈர்ப்பு தின்னும் பங்கும் சேர்த்து, அங்கே சுற்றுப்பாதையை எட்ட வினாடிக்கு ஏறக்குறைய 3,400 மீட்டர் வேகத்துக்கான எரிபொருள் போதும். நம் பூமியில் அதே வேலைக்கு 9,400 வேண்டும். இந்த வேகக் கணக்கை ராக்கெட்காரர்கள் டெல்டா-வி என்பார்கள். தொகை சிறிதே தவிர கணக்கு ஒன்றுதான். ரஷ்யாவின் சியால்கோவ்ஸ்கி 1903-இல் வெளியிட்ட அதே சமன்பாடு.

கெர்பினின் ஏவுதளம் நிலநடுக்கோட்டில், கிழக்கே கடலைப் பார்த்த கரையில் இருக்கிறது. ஏன் அங்கே என்று இந்தக் கரையில் பிறந்தவனுக்குச் சொல்லவேண்டியதில்லை. கோள் மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது, கிழக்கே ஏவினால் அந்தச் சுழற்சி வேகம் இனாமாகக் கிடைக்கும். கெர்பினில் அது வினாடிக்கு 175 மீட்டர்; எங்கள் ஊரான மாமல்லபுரம் இருக்கும் அட்சரேகையில் 450-க்கு மேல். கழன்று விழுவது ஊர்த் தலையில் விழாமல் கடலில் விழும் என்பது இன்னொரு காரணம். இங்கிருந்து வடக்கே 120 கிலோமீட்டர் சொச்சத்தில் ஸ்ரீஹரிகோட்டா. 2022 அக்டோபர் 23 நள்ளிரவு தாண்டி 12 மணி 7 நிமிடத்துக்கு எல்விஎம்-3 ராக்கெட் 36 ஒன்வெப் செயற்கைக்கோள்களோடு கிளம்பியது. அந்த மாதிரி இரவு ஏவல் இருந்தால், வானம் தெளிந்திருந்தால், நான் தேவனேரிப் பக்கம் மணலில் போய் உட்கார்ந்துவிடுவேன்.

இனி தொழிலுக்கு வருகிறேன். ராக்கெட்டை அடியிலிருந்து கட்டத் தொடங்குவதுதான் புதிதாக வருகிற எல்லோரும் செய்வது. பெரிய எஞ்சின் ஒன்றை வைத்து, அதன்மேல் தொட்டி தொட்டியாக ஏற்றி, கடைசியில் உச்சியில் என்ன வைக்கலாம் என்று யோசிப்பார்கள். நான் உச்சியில் தொடங்கிக் கீழே இறங்குகிறேன். எங்கள் ஊரில் இதற்குக் கல்லிலேயே சாட்சி இருக்கிறது. ஐந்து ரதங்களில் பெரியதான தர்மராஜ ரதத்தின் மேல்தளங்கள் செதுக்கி முடிந்தவை, தரைத்தளம் முடியாதது. ஊருக்கு மேற்கே, சுற்றுலாக்காரர்கள் அதிகம் எட்டிப்பார்க்காத பிடாரி ரதங்களிலும் வலையன்குட்டை ரதத்திலும் இது இன்னும் பளிச்சென்று தெரியும். மேலே விமானம் உருவாகி நிற்கிறது, கீழே பாறை பாறையாகவே கிடக்கிறது. 7-ஆம் நூற்றாண்டுச் சிற்பி மேலிருந்து கீழே இறங்கி வந்திருக்கிறான். இன்னும் செதுக்காத பாறைதான் அவன் நிற்கும் இடம். ராக்கெட்டில் காரணம் வேறு என்றாலும் திசை அதுவே. ஒவ்வொரு அடுக்குக்கும் சுமை என்பது அதற்கு மேலே உள்ளவை அத்தனையும். மேலே இருப்பது முடிவாகாமல் கீழே இருப்பதன் அளவைச் சொல்லவே முடியாது. உச்சியில் ஒரு கிலோ கூடினால் அடியில் பல கிலோ கூடும். அடியில் ஒரு கிலோ கூடினால் உச்சிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது.

என்னிடம் இருப்பதிலேயே சிறியது ஒரு டன் கலம். அதையே பிரித்துக் காட்டுகிறேன்.

சுமை ஒரு டன். ஒருவர் உட்காரும் கூண்டும் அதன் பாராசூட்டும் சேர்ந்து அந்தக் கணக்குக்குள் வரும். அதற்குக் கீழே மேல் அடுக்கு: எரிபொருளோடு 2.25 டன், காலியாக 0.25 டன் எடையுள்ள எஃப்எல்-டி400 தொட்டி, அரை டன் எடையுள்ள டெரியர் எஞ்சின். நிரம்பியிருக்கையில் மொத்தம் 3.75 டன். எரித்துத் தீர்த்தபின் 1.75 டன். இரண்டின் விகிதம் 2.14, அதன் இயல் மடக்கை 0.762. எஞ்சின் எவ்வளவு சிக்கனமாக எரிக்கிறது என்பதைச் சொல்லும் ஐஎஸ்பி என்ற எண் டெரியருக்கு வெற்றிடத்தில் 345 வினாடி. அதை 9.81-ஆல் பெருக்கி, 0.762-ஆல் பெருக்கினால் வினாடிக்கு ஏறத்தாழ 2,580 மீட்டர். வேண்டிய 3,400-இல் முக்கால் பங்கை இந்தச் சின்ன அடுக்கே கொடுத்துவிடுகிறது.

கீழ் அடுக்குக்கு ஒன்றரை டன் எடையுள்ள ஸ்விவெல் எஞ்சின், அதன்மேல் 4.5 டன் தொட்டி ஒன்று, 2.25 டன் தொட்டி ஒன்று, நடுவே இரண்டு அடுக்குகளையும் பிரிக்கும் டீகப்ளர் ஒன்று. தரையில் நிற்கும்போது கலம் முழுவதும் 12 டன்னுக்குக் கொஞ்சம் மேல். 6 டன் எரிபொருள் தீர்ந்தபின் 6 டன்னுக்குக் கொஞ்சம் மேல். ஸ்விவெலின் ஐஎஸ்பி கடல்மட்டத்தில் 250, வெற்றிடத்தில் 320. ஏறும் வழியில் 290 என்று வைத்தால் 1,960 மீட்டர் கிடைக்கும். இரண்டும் சேர்ந்து 4,540. கையில் மிச்சம் 1,100. மன் வரைக்கும் போய் அதன் பின்னால் வளைந்து திரும்பி வரவே அது போதும்.

வேகக் கணக்கு சரியாக வந்தால் மட்டும் போதாது, தரையை விட்டு எழும்பவேண்டும். ஸ்விவெல் தரையில் தரும் உந்துவிசை 168 கிலோநியூட்டன். கலத்தின் எடை 118. விகிதம் 1.42. என் கலங்கள் எல்லாம் 1.3-க்கும் 1.6-க்கும் நடுவில்தான் கிளம்பும். அதற்குக் கீழே போனால் எழும்பவே திணறி, எரிபொருளின் பாதி மேலே நின்றுகொண்டிருப்பதற்கே செலவாகும். அதற்கு மேலே போனால் அடர்ந்த காற்றிலேயே வேகம் கூடி, இழுவையோடு மல்லுக்கட்டும். அந்தக் கூடுதல் எஞ்சின் எடை எதற்கு?

ஸ்விவெலுக்கு ஒரு உடன்பிறப்பு உண்டு, ரிலையன்ட். எடை கால் டன் குறைவு, வெற்றிடத்தில் உந்துவிசை 25 கிலோநியூட்டன் அதிகம், விலையும் மலிவு. ஆனால் அதன் நாசில், அதாவது நெருப்பு வெளியேறும் வாய், அசையாது. ஸ்விவெலின் நாசில் கொஞ்சம் இப்படி அப்படித் திரும்பும், ராக்கெட் சாய்ந்தால் அதுவே நிமிர்த்திவிடும். நான் எப்போதும் ஸ்விவெல்தான் வைப்பேன். உந்துவிசையை விட்டுக்கொடுத்துப் பிடிமானத்தை வாங்குகிறேன். இந்தப் பேரம் ஏவுகலத் தொழிலில் எல்லா இடத்திலும் வரும். எப்போதும் ஒரே பக்கம்தான் நிற்கவேண்டும் என்பது என் கட்சி.

சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்துத் தெருப் பிள்ளைகள் சிலர் வீட்டுக்கு வருவார்கள். வெளியே சிற்பக்கூடத்தில் கல் அறுக்கும் மெஷின் நிற்கிற நேரம். பிளஸ் டூ படிக்கிற ஒருவன் இந்த ஒரு டன் கலத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"சார், அடியில ரெண்டு பக்கமும் பூஸ்டர் வச்சா இன்னும் ஜோரா போகுமே?"

"எங்க போவணும்?"

"மேலதான்."

"இப்ப போவலையா?"

"போவுது…"

"அப்ப அது எதுக்குடா?"

அவன் விடவில்லை. அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பக்க மோட்டார் வைத்தால் சுமை கூடும், அது உண்மை. அதோடு கூடவே வருவது என்ன என்று அவனுக்கு எண்ணிக் காட்டினேன். இந்தக் கலம் சுற்றுப்பாதைக்குப் போகிறவரை நான் ஸ்பேஸ் பாரை இரண்டே தடவைதான் தட்டவேண்டும். ஒன்று, தரையில் எஞ்சின் பற்றுவது. இரண்டு, கீழ் அடுக்கு கழன்று மேல் எஞ்சின் பற்றுவது. பக்க மோட்டார் இரண்டு வைத்தால் அவை இரண்டும் ஒரே கணத்தில் தீரவேண்டும், ஒரே கணத்தில் கழலவேண்டும், கழன்றவை நடு உடலில் இடிக்காமல் விலகவேண்டும். இவை ஒவ்வொன்றும் ஒரு நிகழ்ச்சி. கெட்டுப்போகக் கூடிய ஒரு வாசல். நம்பகமான ஏவுகலம் செய்வது என்றால் முதலில் இந்த வாசல்களை எண்ணுவது. எண்ணிவிட்டு, எதை அடைக்கலாம் என்று பார்ப்பது.

இதை விளையாட்டுத்தனமான கவலை என்று நினைப்பவர்களுக்கு ஏஎஸ்எல்வியின் கதையைச் சொல்லவேண்டும். அப்துல் கலாம் திட்ட இயக்குநராக இருந்து செய்த எஸ்எல்வி-3 நான்கு திட எரிபொருள் அடுக்குகள் கொண்ட 17 டன் ராக்கெட். 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டது. அடுத்து, அதே உடலின் இருபுறமும் பக்க மோட்டார்களைக் கட்டி, 150 கிலோ சுமக்க வைக்கலாம் என்று ஏஎஸ்எல்வி வந்தது. பக்க மோட்டார்கள் தரையில் பற்றும். அவை தீர்ந்தபின் நடு உடல் வானத்தில் பற்றும். 1987 மார்ச் 24-இல் முதல் பயணம். பக்க மோட்டார்கள் எரிந்து தீர்ந்தன, நடு உடல் பற்றவேயில்லை. 1988 ஜூலை 13-இல் இரண்டாவது. இந்தமுறை பற்றியது, ஆனால் ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கும் அந்த இடைவெளியில், காற்றின் அழுத்தம் உச்சத்தில் இருக்கும் வேளையில், கட்டுப்பாடு கைநழுவிப் போயிற்று. பாகங்கள் பெரும்பாலும் ஏற்கெனவே பறந்தவைதான். புதிதாகச் சேர்ந்தது அந்தக் கைமாற்றம். 1994 மே மாதத்தில்தான் முழு வெற்றி கிடைத்தது.

இதே சிக்கலுக்கு ரஷ்யாவில் கொரோலெவ் வேறு வழி பிடித்தார். ஸ்புட்னிக்கை 1957-இல் கொண்டுபோன ஆர்-7 ராக்கெட்டுக்கு நடுவில் ஒன்று, சுற்றி நான்கு என்று ஐந்து உடல்கள். வானத்தில் எஞ்சினைப் பற்றவைப்பது நம்பகமில்லாத காரியமாக இருந்த காலம். ஆகவே ஐந்தையும் தரையிலேயே பற்றவைத்துவிட்டார்கள். எல்லாம் எரிகிறதா என்று பார்த்து உறுதிசெய்தபின்தான் ராக்கெட் எழும்பும். நடு உடல் ஆரம்பத்திலிருந்தே எரிபொருளைச் செலவழிப்பதால் கொஞ்சம் திறன் குறையும். குறைந்தால் குறையட்டும் என்று விட்டார்கள். அந்த வம்சத்து சோயுஸ் இன்றும் அப்படியேதான் கிளம்புகிறது. கெர்பல் ஆடுகிறவர்களில் எத்தனை பேர் கொரோலெவை நினைத்துப் பார்க்கிறார்களோ, நான் பக்க மோட்டார் வைத்தே தீரவேண்டிய பெரிய கலங்களில், ஒன்றைத் தவிர, அவர் வழிதான். எல்லாம் தரையிலேயே பற்றும்.

நடுவழி ஒன்றும் இருக்கிறது, அது நம்மிடமே இருக்கிறது. எல்விஎம்-3-இல் இரண்டு எஸ்200 திட மோட்டார்கள் தரையில் பற்றும். நடுவில் உள்ள எல்110 ஏறக்குறைய 110-ஆவது வினாடியில் வானத்தில் பற்றும். ஏஎஸ்எல்வி மாதிரியே இருக்கிறதே என்று தோன்றும். வித்தியாசம் என்னவென்றால், எல்110 பற்றும்போது எஸ்200 இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது. ஒன்றின் பிடி தளர்வதற்குள் அடுத்தது பிடித்துவிடுகிறது. இடைவெளியே கிடையாது. 2014 டிசம்பரில் நடந்த முதல் சோதனையிலிருந்து 2023 ஜூலையில் சந்திரயான்-3-ஐக் கொண்டுபோனது வரை இந்த ராக்கெட் ஒருமுறைகூடத் தவறவில்லை. என்னுடைய 40 டன் கலத்தில் இந்த ஒன்றின்மேல் ஒன்று படிவதை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பிரிவு என்கிற நிகழ்ச்சி எவ்வளவு குறும்பானது என்பதற்கு இன்னும் இரண்டு சான்றுகள் சொல்லாமல் போக மனமில்லை. 2017 ஆகஸ்ட் 31, பிஎஸ்எல்வி-சி39. எல்லா அடுக்குகளும் ஒழுங்காக எரிந்தன. செயற்கைக்கோளை மூடியிருந்த வெப்பக்கவசம் மட்டும் கழலவில்லை. ஐஆர்என்எஸ்எஸ்-1எச் அந்த மூடிக்குள்ளேயே சிறைப்பட்டுப் போயிற்று. 2022 ஆகஸ்ட் 7, எஸ்எஸ்எல்வியின் முதல் பயணம். இரண்டாம் அடுக்கு பிரியும்போது கண நேரம் ஓர் அதிர்வு. அந்த அதிர்வில் முடுக்கத்தை அளக்கும் கருவிகள் தம் அளவின் எல்லையைத் தொட்டுவிட்டன. கணினி அவை எல்லாமே பழுதாகிவிட்டதாக முடிவுகட்டி, அவற்றைக் கேட்காமலே மீதித் தூரத்தை ஓட்டியது. 356 கிலோமீட்டர் உயர வட்டப் பாதைக்குப் பதிலாக, ஒரு முனை 76 கிலோமீட்டருக்கு இறங்கும் பாதையில் சுமையைக் கொண்டுபோய் விட்டது. 75 பள்ளிகளின் மாணவிகள் சேர்ந்து செய்த ஆசாதிசாட்டும் அதில் இருந்தது. கருவி எதுவும் உண்மையில் பழுதாகவில்லை என்பதுதான் இதில் என்னை விட்டுப் போகாத விஷயம். பிரிவுப் பொறிமுறையையும் கணினியின் தர்க்கத்தையும் மாற்றி, 2023 பிப்ரவரி 10-இல் திரும்ப ஏவினார்கள். சரியாகப் போனது.

இவ்வளவு தெரிந்தபின் ஆஸ்பராகஸ் என்று ஆட்டக்காரர்கள் கொண்டாடும் முறையை நான் ஏன் தொடுவதில்லை என்று புரியும். நடு உடலைச் சுற்றி ஆறு எட்டு என்று தொட்டிகளை எஞ்சினோடு நிறுத்தி, எரிபொருள் குழாய் போட்டு, வெளியே உள்ளவை உள்ளே உள்ளவற்றை நிரப்பிக்கொண்டே எரிந்து, இரண்டிரண்டாகக் கழன்று விழுவது. காகிதத்தில் அதைவிடத் திறமையான ராக்கெட் கிடையாது. குழாயில் ஒன்று திசை மாறிப் போனால், ஒரு பக்கத் தொட்டி முன்னே தீர்ந்து கலம் கரணமடிக்கும். நிஜ உலகில் ஸ்பேஸ்எக்ஸ்கூட ஃபால்கன் ஹெவிக்கு இந்த மாதிரிக் குழாய் மாற்றத்தைத் திட்டமிட்டுவிட்டுக் கைவிட்டது. 2018 பிப்ரவரியில் அது இல்லாமலேதான் பறந்தது. நான் அந்தத் திறனுக்குப் பதிலாகத் தொட்டியைக் கொஞ்சம் நீளமாக வைத்துவிடுவேன். எரிபொருள்தான் ராக்கெட்டில் இருப்பதிலேயே மலிவான சரக்கு.

தொட்டி என்றதும் இணைப்புகளைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒரே எரிபொருளை நான்கு குட்டைத் தொட்டிகளாகவும் அடுக்கலாம், ஒரே நெட்டைத் தொட்டியாகவும் வைக்கலாம். எடையில் வித்தியாசமில்லை. நான்காக அடுக்கினால் மூன்று இணைப்புகள் கூடுதல். விளையாட்டில் ஒவ்வோர் இணைப்பும் கொஞ்சம் நெகிழும். உயரமான ராக்கெட் நடுவில் வளைந்து ஆடுவதைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். ஆட்டத்தை நிறுத்த ஸ்ட்ரட் கம்பிகளை இழுத்துக் கட்டுவார்கள். இணைப்பே இல்லையென்றால் கம்பி எதற்கு? சென்னை ஐஐடியில் முளைத்த அக்னிகுல் காஸ்மோஸ் இதையே எஞ்சினில் செய்திருக்கிறது. ஒட்டோ வெல்டிங்கோ இல்லாமல் முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக எடுத்த எஞ்சின் அது. 2024 மே 30 காலை ஸ்ரீஹரிகோட்டாவில் தங்கள் சொந்த ஏவுதளத்திலிருந்து அந்த எஞ்சினோடு ஒற்றை அடுக்கு ராக்கெட்டைப் பறக்கவிட்டார்கள். அதற்கு முன் ஏவல் பலமுறை தள்ளிப்போனது. சந்தேகம் வந்தால் நிறுத்துகிற அந்தப் பொறுமைமேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

ஓட்டுவதும் வடிவமைப்பில் சேர்த்திதான். கலம் எளிமையாக இருந்தால் ஓட்டுவதும் எளிமையாக இருக்கவேண்டும், கை வித்தை காட்டவேண்டிய கலம் நம்பகமான கலம் ஆகாது. என் ஒரு டன் கலம் நேரே எழும்பி, வினாடிக்கு 80 மீட்டர் வேகத்தைத் தொட்டதும் கிழக்கே ஐந்து பாகை சாய்ப்பேன். அப்புறம் வேகத்தின் திசையையே பிடித்துக்கொள்ளும்படி விட்டுவிட்டால், மீதியை ஈர்ப்பு விசை பார்த்துக்கொள்ளும். தானாகவே மெல்ல மெல்லச் சாய்ந்து, பத்து கிலோமீட்டர் உயரத்தில் 45 பாகை ஆகியிருக்கும். இந்த நேரத்தில் கலம் ஒலியின் வேகத்தைத் தாண்டும், தலைகீழாகக் கவிழ்வது பெரும்பாலும் இங்கேதான். எரிபொருள் தீரத் தீர எடைமையம் மேலே நகரும், அது நல்லது. உச்சியில் அகலமான சுமை இருந்தால் காற்று பிடிக்கிற இடமும் மேலே போய்விடும், அது கெட்டது. அடியில் நான்கு சின்ன இறக்கைகள் வைத்தால் காற்றின் பிடி கீழே இறங்கிவிடும். அந்த நான்கு இறக்கைகள் சேர்க்கிற எடையை நான் ஒருநாளும் கணக்குப் பார்த்ததில்லை. பாதையின் உச்சி 80 கிலோமீட்டரைத் தொட்டதும் எஞ்சினை அணைத்துவிட்டு, உச்சிக்குப் போய்ச் சேரும் நேரத்தில் திரும்பப் பற்றவைத்தால் வட்டப் பாதை.

இந்த ஓட்டம் மனப்பாடம் ஆகிவிட்டபின் கலத்தை மாற்றக் கூடாது. இதில் நான் ரொம்பப் பிடிவாதம். ஒரு டன், 5 டன், 15 டன், 40 டன் என்று நான்கு கலங்கள் வைத்திருக்கிறேன். சுமை 3 டன் என்றால் 5 டன் கலத்தில் ஏறும், மிச்சம் எரிபொருளாகவே மேலே போகட்டும். ஒவ்வொரு சுமைக்கும் அளவெடுத்து ஒரு ராக்கெட் தைத்தால் ஒவ்வொரு பயணமும் முதல் பயணம் ஆகிவிடும். முதல் பயணங்கள் எப்படிப் போகும் என்பதை மேலே பார்த்தோம். 1993 செப்டம்பரில் பிஎஸ்எல்வியின் முதல் பயணமும் தோல்விதான். அப்புறம் அதே உடலை வைத்துக்கொண்டு, பக்க மோட்டார் இல்லாமல் ஒரு வடிவம், இரண்டோடு ஒன்று, நான்கோடு ஒன்று, ஆறோடு ஒன்று என்று சுமைக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டார்கள். நடுவில் இருப்பது மாறவில்லை. 2008-இல் சந்திரயான், 2013-இல் மங்கள்யான், 2017 பிப்ரவரியில் ஒரே தடவையில் 104 செயற்கைக்கோள்கள், எல்லாம் அந்த உடல்தான். நான்கு அடுக்குகளில் திடமும் திரவமும் மாறிமாறி வரும் பிஎஸ்எல்வி எளிமையான ராக்கெட் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். திரும்பத் திரும்பப் பறந்ததால் அது நம்பகமானது. எளிமை இல்லாத இடத்தில் பழக்கம் கைகொடுக்கும். இரண்டும் சேர்ந்திருந்தால் எவ்வளவோ நல்லது.

விளையாட்டு விட்டுவிடுகிற ஒன்றைச் சொல்லித்தான் ஆகவேண்டும். கெர்பலில் பாகங்கள் பழுதாவதில்லை. வால்வு சிக்காது, அமிலம் கசியாது. 1979 ஆகஸ்ட் 10-இல் எஸ்எல்வி-3-இன் முதல் பயணத்தில் இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பிலிருந்து நைட்ரிக் அமிலம் கசிந்து தீர்ந்துபோக, ராக்கெட் தடுமாறி 317 வினாடியில் கடலில் விழுந்தது. அப்படிப்பட்ட விபத்தை இந்த விளையாட்டு ஒருநாளும் கற்றுத்தராது. இங்கே தோற்பது முழுக்க வடிவமைத்தவனின் தீர்மானங்கள்தான். வடிவத்தில் தவறில்லாமல் யோசிக்கிற பழக்கத்தை விளையாட்டு தருகிறது. கருவியைக் கையில் எடுத்து முறுக்கிப் பார்க்கிற பழக்கத்தை வேறெங்காவது பெறவேண்டும்.

அந்த வேறெங்காவது எங்கள் கடற்கரையிலேயே இரண்டு தடவை வந்தது. 2023 பிப்ரவரி 19 அன்று பட்டிபுலத்திலிருந்து, மாணவர்கள் செய்த 150 பைக்கோ செயற்கைக்கோள்களைச் சுமந்து ஒரு ஹைப்ரிட் ராக்கெட் கிளம்பியது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 24 அன்று, நித்ய கல்யாணப் பெருமாள் கோயில் இருக்கும் திருவிடந்தையிலிருந்து, ஸ்பேஸ் சோன் இந்தியா நிறுவனம் ரூமி-1-ஐ ஏவியது. நகரும் ஏவுமேடை, 3 க்யூப் செயற்கைக்கோள்கள், 50 பைக்கோக்கள். இரண்டுமே சுற்றுப்பாதைக்குப் போகிறவை அல்ல, மேலே போய் அளந்துவிட்டு இறங்குகிறவை. ஹைப்ரிட்டைத் தேர்ந்தெடுத்ததில் எனக்குப் பெரிய திருப்தி. அதில் எரிபொருள் திடமாக இருக்கும், அதை எரிக்கும் ஆக்சிஜனேற்றி திரவமாகத் தனித் தொட்டியில் இருக்கும். இரண்டும் வால்வு திறந்தால்தான் சந்திக்கும், மூடினால் எரிவது நின்றுபோகும். பற்றியபின் நிறுத்தவே முடியாத திட மோட்டாரைவிடவும், இரண்டு திரவங்களுக்கும் குழாய்வேலை செய்யவேண்டிய திரவ எஞ்சினைவிடவும், ஊருக்குப் பக்கத்தில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு செய்ய அதுவே தோதானது. ரூமி-1-இல் வெடிமருந்து கிடையாது. பாராசூட்டைத் தள்ளிவிடுவதற்கும் கரியமில வாயுவைத்தான் வைத்திருந்தார்கள். கெட்டுப்போகக் கூடிய வாசல்களை எண்ணி அடைத்தவர்கள் செய்கிற வேலை அது.

பிளஸ் டூ பையன் இப்போது பூஸ்டரை விட்டுவிட்டு வேறு கேள்வியோடு வருகிறான். தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளம் எதற்கு என்று. 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டிய தளம் அது. துருவங்களைத் தாண்டிப் போகும் பாதைக்குத் தெற்கே ஏவவேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே போனால் வழியில் இலங்கை, ஆகவே கடலுக்கு மேலே ஒதுங்கிப் போய்த் திரும்பவேண்டும். பெரிய ராக்கெட்டுக்கு அது தாங்கும், எஸ்எஸ்எல்வி மாதிரிச் சிறியதற்கு அந்தத் திருப்பமே சுமையில் பெரும்பங்கைத் தின்றுவிடும். குலசேகரப்பட்டினத்தில் தெற்கே நேராகத் திறந்த கடல். அதை விளையாட்டில் செய்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தோம். தெற்கே ஏவினால் கெர்பின் இனாமாகத் தரும் 175 மீட்டர் கிடையாது. ஒரு டன் கலத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை, மிச்சம் 1,100 இருக்கிறது. 15 டன் கலத்துக்கு நான் விட்டுவைத்திருந்த மிச்சம் 300தான். அதில் 175 போனால், கடைசி வட்டமாக்கலில் கை கொஞ்சம் பிசகினாலும் எரிபொருள் போதாது.

பையன் பக்க மோட்டார் வைக்கலாம் என்று சொல்வான் என்று எதிர்பார்த்தேன். "சுமையைக் குறைச்சிடலாம் சார்" என்றான். கலத்தில் ஒரு பாகத்தையும் தொடவில்லை. பட்டியலில் அதன் பெயருக்கு எதிரே, கிழக்குப் பாதைக்கு 15 டன், துருவப் பாதைக்கு 14 டன் என்று அவனே எழுதிவைத்தான்.